மலையில் ஸ்டேக்: எப்போது ஓட்டலில் காசு கொடுக்கலாம், எப்போது தோசைக்கல்லே போதும்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று எந்த மலைக்குப் போனாலும், கணப்பில் விறகு எரிய, வெள்ளைத் துணி விரித்த மேசையில் 1,500 ரூபாய்க்கு மேல் ஸ்டேக் (தடித்த வில்லையாக வெட்டி வறுத்த மாட்டிறைச்சி) போடும் உணவகம் ஒன்றிரண்டு கண்ணில் படும். தகுமா என்று கேட்டால், தட்டில் வருவது மாட்டின் எந்தப் பகுதி, எத்தனை நாள் பழையது, எவ்வளவு தடிமன் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பட்டியலைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

இங்கே கிடைக்கும் இறைச்சி எப்படிப்பட்டது

ஸ்டேக் என்றதும் வெள்ளைக் கொழுப்பு இழை இழையாக ஓடும் ஜப்பான், அமெரிக்க இறைச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது நம் ஊர்த் தட்டுக்கு வர வழியில்லை. மாட்டிறைச்சியை எந்த வடிவிலும் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பட்டியலில் ‘வாக்யூ’, ‘அமெரிக்கன் ஆங்கஸ்’ என்று அந்த வெளிநாட்டு இறைச்சியின் பெயரைப் போட்டிருந்தால் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். ஆட்டுக்கு இந்தத் தடை இல்லை. நியூசிலாந்து ‘லாம்ப்’ என்று போட்டிருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம்.

ஆக, உங்கள் முன்னால் வருவது உள்ளூர் எருமையோ மாடோதான். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 10 வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாதது, அல்லது நிரந்தரமாக முடங்கிப்போனது என்று சான்று பெற்ற விலங்கைத்தான் அறுக்கலாம். வெளிநாட்டு ஸ்டேக் பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டிய, தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாட்டிலிருந்து வருகிறது. நமக்குக் கிடைப்பது பல வருடம் உழைத்து ஓய்ந்த விலங்கு. வயது ஏற ஏற தசைக்கு நடுவில் இருக்கும் இணைப்புத் திசு இறுகிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் அது இளகும், பத்து நிமிட வறுவலில் இளகாது. சுக்கா, பிரட்டல் எல்லாம் நம்மிடம் ருசிப்பதற்கும், அதே மாட்டின் ரிப்-ஐ (விலாப் பகுதி) ஸ்டேக் ரப்பராக வருவதற்கும் காரணம் இதுதான்.

இதற்கு விதிவிலக்கு அண்டர்கட். முதுகெலும்புக்கு உள்பக்கமாகப் படுத்திருக்கும் இந்தத் தசைக்கு விலங்கு நடக்கும்போதும் நிற்கும்போதும் பெரிதாக வேலை இல்லை. இணைப்புத் திசு குறைவு என்பதால் வயதான எருமையில்கூட மென்மையாகவே இருக்கும். பட்டியலில் இதை டெண்டர்லாயின், ஃபிலே என்று எழுதியிருப்பார்கள். மலையில் காசு கொடுத்துச் சாப்பிடத் தகுந்த மாட்டு ஸ்டேக் எங்கள் கணக்கில் இது ஒன்றுதான். டீ-போன் வாங்கினால் எலும்புக்கு ஒரு பக்கம் அண்டர்கட் மென்மையாக இருக்கும், மறுபக்கத்தைக் கத்தியோடு மல்லுக்கட்டித்தான் தின்ன வேண்டும்.

எருமையா மாடா என்பதைத் தட்டிலேயே கண்டுபிடிக்கலாம். எருமைக் கொழுப்பு பால் வெள்ளை, மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் சாயல் இருக்கும். எருமை இறைச்சி கூடுதல் கருஞ்சிவப்பு. ருசியில் எருமை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் தசைக்குள் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஐந்து டிகிரி கூடினாலே வறண்டுவிடும். சமையல்காரரின் கைத்திறம் வெளிநாட்டில் தேவைப்படுவதைவிட இங்கே கூடுதலாகத் தேவை.

மேசை முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை

போனில் இரண்டு நிமிடம் போதும். எந்தப் பகுதி, பச்சையாக எத்தனை கிராம், எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். பட்டியலில் போடும் எடை சமைப்பதற்கு முந்தைய எடை. 250 கிராம் என்றால் மீடியம் பதத்தில் (நடுவில் இளஞ்சிவப்பாக) தட்டுக்கு வருவது 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும். தடிமன் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வெளிப்புறம் சிவந்து மொறுமொறுப்பாவதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். 200 கிராமைத் தட்டி அகலமாக்கிப் பெரிதாகக் காட்டும் இடங்களும் உண்டு.

அடுத்து, இறைச்சி குளிர்வித்து வருகிறதா, உறைய வைத்து வருகிறதா. உறைந்ததில் தவறில்லை. முதல் நாளே ஃப்ரிஜ்ஜில் வைத்து மெல்ல இளக்கினால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆர்டர் வந்தபிறகு வெந்நீரில் போட்டு இளக்குகிற சமையலறையில்தான் தொல்லை: சாறு முழுக்க வெளியேறி, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த வளையமும் நடுவில் சில்லிட்ட இறைச்சியுமாக வரும். சீசனில், அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, சனி ஞாயிறு இரவில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அதே உணவகத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு சமையல்காரர் வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

‘டிரை ஏஜ்டு’ என்று எழுதியிருந்தால் இறைச்சியைத் தொங்கவிட்டிருக்கும் அலமாரியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் குளிரில், காற்றோட்டத்தோடு, மூன்று நான்கு வாரம் தொங்கவிடுவதுதான் அந்த முறை. மேற்பரப்பு காய்ந்து கறுத்துப்போவதைச் சீவி எறிய வேண்டும். அதனால் கொழுப்பும் எலும்பும் போர்த்திய பெரிய துண்டுக்குத்தான் அது பொருந்தும். அண்டர்கட்டை அப்படி வைத்தால் சீவி எறிந்தது போக மிஞ்சுவது ஒரு பென்சில்தான். ‘டிரை ஏஜ்டு அண்டர்கட்’ என்று எழுதியவர் ஒன்று அறியாமல் எழுதியிருக்கிறார், இல்லை நமக்குத் தெரியாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்.

கடைசியாக வரி. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே தனியாக நடத்தும் உணவகத்தில் 5 சதவீதம். இருவருக்கு 1,600 ரூபாய் ஸ்டேக் இரண்டு, 350 ரூபாய் சூப் இரண்டு என்று வைத்துக்கொண்டால் 3,900 ரூபாய். தனி உணவகத்தில் 4,095, பெரிய விடுதியில் 4,602. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

கீழேயிருந்து வண்டியில் ஏறுகிறவர்கள் இ-பாஸை முதலிலேயே எடுத்துவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். சோதனைச் சாவடியில் நின்று பதிவு செய்துகொண்டிருந்தால் எட்டு மணி மேசை ஒன்பதரைக்குப் போய்விடும்.

எவ்வளவு வரை நியாயம்

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, அண்டர்கட் கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்). ஒன்றரைக் கிலோ முழுத் துண்டு 1,050 ரூபாய். மேல் சவ்வும் ஓரமும் சீவியபின் கால் பங்கு போய் 1,100 கிராம் மிஞ்சும், 220 கிராமில் ஐந்து துண்டு. ஒன்றுக்கு 210 ரூபாய். வெண்ணெய், பூண்டு, கூட வைக்கும் உருளை, கேரட் எல்லாம் சேர்த்து 270. உணவகத் தொழிலில் பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 800 முதல் 900 ரூபாய் வரை அது ஸ்டேக்கின் விலை. 1,800 போட்டிருந்தால் மிச்ச 900 கணப்புக்கும், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்குக்கும், கோட்டுப் போட்டவர் நாற்காலி இழுத்துவிடுவதற்கும். திருமண நாள் என்றால் அதற்கும் காசு கொடுக்கலாம், தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

ஒரு பதத்துக்கு மட்டும் எங்கள் பதில் நேரடியானது. இளஞ்சிவப்பே கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பவர்கள் 1,800 ரூபாய் ஸ்டேக் வாங்க வேண்டாம். 71 டிகிரிக்கு மேல் போன எருமை அண்டர்கட்டுக்கும் 200 ரூபாய்க்கு வாங்கும் மிளகு வறுவலுக்கும் போட்டி வைத்தால் வறுவல்தான் ஜெயிக்கும்.

தட்டு வந்ததும்

பேசுவதற்கு முன் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வேகாமல் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். கூடுதலாக வெந்திருந்தால் சரிசெய்ய வழியே இல்லை, புதிதாகத்தான் போட வேண்டும். அதையும் முதல் இரண்டு வாய்க்குள் சொல்லிவிட வேண்டும், பாதி தின்றபின் சொல்வது முறையல்ல. தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தமல்ல, தசையிலிருக்கும் மயோகுளோபின் கலந்த நீர். அது குளம்போலத் தேங்கினால் சமைத்தபின் ஆறவிடாமல் பரிமாறிவிட்டார்கள் என்று பொருள்.

தட்டைத் தொட்டுப் பாருங்கள். டிசம்பர் இரவில் ஊட்டிச் சமையலறையின் பீங்கான் தட்டு பத்துப் பதினைந்து டிகிரியில் இருக்கும். சூடாக்காத தட்டில் வைத்த ஸ்டேக் ஐந்து நிமிடத்தில் ஆறி, வெண்ணெய் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ‘தட்டைச் சூடு பண்ணிக் கொடுங்க’ என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடலாம். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மிளகு சாஸ் நல்லதுதான், ஆனால் மேலே ஊற்றி வந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ட்ரஃபிள் (வாசனைக் காளான்) எண்ணெய் தெளித்த உருளை வறுவலுக்குக் கூடுதல் காசு வேண்டாம், அந்த எண்ணெயில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான் இருக்கிறது.

மேல்பரப்பு மாவுபோலக் குழைந்து, உள்ளே மட்டும் நார் இருந்தால் பப்பாளிக்காய் போட்டு ஊறவைத்திருக்கிறார்கள். கடினமான பகுதியை அண்டர்கட் என்று விற்கும்போது இது நடக்கும். சிஸ்லரில் ஸ்டேக் வாங்கினால் இரும்புத் தட்டு மேசைக்கு வந்த பிறகும் வேகவைத்துக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைத்து, ஒரு படி குறைவான பதத்தில் கேளுங்கள். சில இடங்களில் அரைத்த இறைச்சியை வட்டமாகத் தட்டிய கட்லெட்டும் ‘ஸ்டேக் சிஸ்லர்’ என்ற பெயரில் வரும். அது வேறு பண்டம், அரைத்தது என்பதால் உள்வரை முழுக்க வெந்திருக்க வேண்டும்.

காட்டேஜில் நீங்களே செய்வதென்றால்

சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு இதுதான் லாபம். முதலில் வீட்டுக்காரரிடம் மாட்டிறைச்சி சமைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அனுமதி இல்லை.

கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஒரு விலங்கில் அண்டர்கட் இரண்டே இரண்டு, ஓட்டல்காரர்கள் காலையிலேயே எடுத்துப் போய்விடுவார்கள். ‘பாய், அண்டர்கட் முழுசா வேணும், துண்டு போடாதீங்க’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் குழம்புக்கு வெட்டிப் போட்டுவிடுவார்.

காலையில் அறுத்ததை அன்று மாலையே வறுத்தால் முறுக்கிக்கொள்ளும். உயிர் போனபின் தசை விறைத்து, அது தளர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். சவ்வைச் சீவித் துடைத்து, ஃப்ரிஜ்ஜில் 0 முதல் 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் வித்தியாசம் பல்லுக்கே தெரியும். ஊட்டிக் குளிர்தானே என்று வெளியே வைக்காதீர்கள். இரவில் ஐந்து டிகிரி இருந்தாலும் பகல் வெயிலில் இருபதுக்குப் போய்விடும், கெட்டுப்போக அது போதும்.

அண்டர்கட்டின் மேல் வெள்ளிபோல மின்னும் ஒரு சவ்வு இருக்கும். கத்தி முனையை அதன் அடியில் நுழைத்து, கூர்மையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, சவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு சீவுங்கள். அது எவ்வளவு வறுத்தாலும் வேகாது. சுருங்கித் துண்டைக் கிண்ணம்போல வளைத்துவிடும், கல்லில் சரியாகப் படாது. பிறகு 4 சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக வெட்டுங்கள். வால் பக்கம் ஒல்லியாக இருக்கும், அதை மிளகு வறுவலுக்கு ஒதுக்கிவிடலாம்.

200 கிராம் துண்டுக்கு 2 கிராம் தூள் உப்பு, அதாவது டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. முதல் நாள் இரவே தடவி, மூடாமல் கம்பித் தட்டில் ஃப்ரிஜ்ஜில் வைப்பது சிறந்தது. உப்பு உள்ளே இறங்கும், மேல் காயும். நேரமில்லையென்றால் கல்லில் போடும் நொடியில் தூவுங்கள். பத்து, இருபது நிமிடம் முன்பு தடவினால் நீர் விட்டு மேல் ஈரமாகும், ஈரம் இருந்தால் சிவக்காது, வேகத்தான் செய்யும். சமைப்பதற்கு ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைக்கும் பழக்கம் மலையில் வேலைக்காகாது. சமையலறையே 15 டிகிரியில் இருக்கிறது, துண்டின் நடுப்பகுதி ஏறுவது இரண்டு மூன்று டிகிரிதான். நேராக ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து, துணியால் ஒற்றி, கல்லில் போடுங்கள்.

கல் கனமான இரும்புத் தோசைக்கல்லாக இருக்கட்டும். மெல்லிய கல் இறைச்சி பட்டதும் சூட்டை இழந்துவிடும். நான்ஸ்டிக் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அந்தப் பூச்சு தாங்காது. நடுத்தரத்துக்கு மேலான தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் சுத்திகரித்த கடலை எண்ணெய் ஊற்றி, லேசாகப் புகை எழும்போது துண்டை வையுங்கள். ஒரு கல்லில் இரண்டுக்கு மேல் வேண்டாம். குளிர்காலத்தில் தீரப்போகும் சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சோம்பலாக எரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும்.

நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்பது வீண் பயம், அடிக்கடி திருப்பினால் இரு பக்கமும் சீராக வேகும். 4 சென்டிமீட்டர் துண்டுக்கு மொத்தம் 8 முதல் 10 நிமிடம். கடைசி இரண்டு நிமிடத்தில் தீயைக் குறைத்து 30 கிராம் வெண்ணெய், நசுக்கிய மலைப்பூண்டு மூன்று பல், ஒரு கொத்து தைம் (வாசனை இலை) போட்டு, உருகியதைக் கரண்டியால் மேலே மொண்டு மொண்டு ஊற்றுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் தூக்கல், மூன்று பல்லே போதும். தைமும் ரோஸ்மேரியும் நீலகிரியில் விளைகின்றன, சந்தையில் பச்சையாகவே கேட்டு வாங்கலாம். வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டால் அதிலுள்ள பால் பகுதி கருகிக் கசக்கும். மிளகும் அப்படித்தான், இறக்கியபின் பொடித்துத் தூவுங்கள்.

பதத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு ஊசி வெப்பமானி கிடைக்கிறது. நடுவில் செருகி 52 டிகிரியில் இறக்கினால் ஆறும்போது நான்கு டிகிரி ஏறி மீடியம் ரேர் (மீடியத்துக்கு ஒரு படி குறைவு) ஆகும். 57இல் இறக்கினால் மீடியம். எருமைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது எங்களுக்குப் பிடித்த பதம். கர்ப்பிணிகள், குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் 63 டிகிரி வந்தபின் மூன்று நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள். நாடாப்புழு பற்றிய பயம் இருப்பவர்கள், நாள்பட வைத்த துண்டை வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்து, ஃப்ரிஜ்ஜில் இளக்கிச் சமைக்கலாம்.

சூடான தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். கூட வைக்க ஊட்டி உருளையைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் கீழே ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாகும். குக்கரில் வைத்து எடுத்து, ஸ்டேக் ஆறும் நேரத்தில் அதே கல்லில் மிச்ச வெண்ணெயில் பிரட்டிவிடுங்கள்.

மீந்த துண்டை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், தோல்போல ஆகிவிடும். மறுநாள் காலை ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்ததும் மெல்லிசாகச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் கடுகு சாஸோடு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போதுதான் கத்திக்குச் சரியாக வெட்டுப்படும்.